மூக்கில்லாத லாரியும் பனந்தண்டு மதகும்

லாரிப் பேச்சை எடுத்தால் எனக்கு வாய் மூடாது என்று என் மனைவி இன்றும் குறை சொல்கிறாள். மூடாதுதான். வயசுக் காலம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பூச்செடியைப் பற்றியா பேசுவான்? ஆனால் அவளை வைத்துக்கொண்டு நான் சொல்லாத கதை ஒன்று உண்டு. சொன்னால் வரிக்கு வரி திருத்துவாள். இன்று அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் மரக்காணம் உப்பளங்களில் யாரும் லாரியைக் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு உலகத்தில் இரண்டே வகை லாரிதான். இன்ஜின் முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கு வண்டி. இன்ஜின் கேபினுக்குள்ளேயே டிரைவரின் தொடை ஓரமாக உட்கார்ந்திருந்து, முகம் தட்டையாக இருந்தால் மொட்டை வண்டி. திண்டிவனம் ரோட்டு டீக்கடையில் இந்த இரண்டு கட்சிக்கும் தினம் வாய்ச்சண்டை நடக்கும். மோதினால் முதலில் மூக்குத்தான் போகும், ஆள் பிழைத்துக்கொள்வான் என்பது மூக்குக்காரர்கள் வாதம். முன்சக்கரம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும், பாரமும் கூடப் போகும் என்பது மொட்டைக்காரர்கள் வாதம். நான் மூக்குக் கட்சி. டீ ஆறிப்போகிற அளவுக்குக் கத்துவேன்.

எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் கதவுக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்டில் இரண்டு வரி எழுதியிருக்கும். மேல் வரி வெறும் வண்டியின் எடை. கீழ் வரி, பாரத்தோடு சேர்த்து வண்டி எவ்வளவு எடை வரலாம் என்பது. அந்தக் கீழ் வரிதான் வண்டிக்கு அந்தஸ்து. அதை வைத்துத்தான் லைட், மீடியம், ஹெவி என்று பிரிப்பார்கள். ஓட்டுகிறவனின் லைசென்சும் அதன்படிதான். என்னிடம் இருந்தது மீடியம். என் மூக்கு வண்டி, பாரத்தோடு எட்டு டன். சீமையிலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்து பம்பாயில் பூட்டியது என்று சொல்வார்கள். நான் பார்க்கும்போது அதில் சீமைச் சாமான் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது மெக்கானிக்குக்குத்தான் வெளிச்சம். உப்பு ஏற்றுகிற வண்டிக்கு ஆயுசு குறைவு. பலகை இடுக்கில் உப்புத் தண்ணி வடிந்து வடிந்து சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தையே தின்றுவிடும்.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது உள்ளே போகும்.

உள்ளே என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் முதலாளியின் உப்பளம் கழுவெளி ஏரி ஓரத்தில் இருந்தது. ரோட்டிலிருந்து இறங்கினால் இரண்டு பக்கமும் பாத்திகள், நடுவே ஒரு லாரி அகலத்துக்குக் களிமண் கரை. கரையின் பாதியில் ஒரு மதகு. பாத்திகளுக்குக் கடல் தண்ணியை விடுகிற வாய்க்கால் அந்த இடத்தில் கரைக்கு அடியில் குறுக்கே போகும். மதகு என்று பெரிய பேர்தானே தவிர, பனந்தண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டு மேலே களிமண் கொட்டி மிதித்ததுதான். மதகைத் தாண்டிப் போனால் உப்புக் குவியல்கள். என் மூக்கு வண்டி மதகைத் தாண்டி உள்ளே போய்க் குவியலை ஒட்டி நின்றுகொள்ளும். ஆண்கள் மண்வெட்டியால் கூடையில் அள்ளிப் போட, பெண்கள் சும்மாட்டின் மேல் தூக்கிவைத்து, பலகை மேல் ஏறி வண்டியில் கொட்டுவார்கள். குவியலுக்கும் வண்டிக்கும் பேச்சுக் கேட்கிற தூரம்.

முப்பது சொச்சம் பெண்கள். அவர்களுக்குத் தலைமை ஓர் அக்கா. எனக்கு எந்த வகையிலும் உறவில்லை, ஊருக்கே அக்கா. என் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் கூடை தூக்கினாள். நான் அவளைப் பார்த்ததே வண்டியின் பக்கக் கண்ணாடியில்தான். அந்தக் கதை வேறு.

சீசனின் முதல் லோடு அன்று முதல் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை எடுத்து வண்டி மூக்கின் மேல் வைத்து, பக்கத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். அதற்கப்புறம்தான் நான் சாவியைத் திருப்பலாம்.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "ஏம்பா, ஹெவி எடுத்துக்கினு வந்துடு. பெரிய வண்டி சொல்லியிருக்கேன்."

கடலூர் போய், டெஸ்ட் கொடுத்து, ஹெவி லைசென்ஸ் வாங்கினேன். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். பெரிய வண்டி எண்ணூர்ப் பக்கம் செய்தது. கம்பெனி தருவது சேசிஸ் மட்டும்தான். நாலு பக்கமும் காற்று, உட்கார ஒரு மரப்பெட்டி, தலையில் துண்டு. அப்படியே மெட்ராஸில் பாடி கட்டுகிறவரிடம் ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். எலும்புக்கூட்டின் மேல் உட்கார்ந்து போகிறேன் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பலகை அடித்து, பச்சை பெயின்ட் பூசி, கதவோரம் இரண்டு வரியும் எழுதி வாங்கினோம். காலியாக ஐந்து டன். பாரத்தோடு பன்னிரண்டு டன். மூக்குக் கட்சியிலிருந்து நான் அன்றைக்கே ராஜினாமா.

கீழ்புத்துப்பட்டு கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டுக்கொண்டு உப்பளத்துக்கு வந்தேன். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"இன்னாப்பா, மூக்க எங்க கயட்டி வச்சிட்டு வந்த?" என்றாள் ஒருத்தி.

"மூக்கில்லாத வண்டிக்குக் கற்பூரத்த எங்க ஏத்தறது?" என்றாள் அக்கா. அது அவளுக்கு உண்மையான கவலை. முன் பம்பரில் வைத்தாள், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. கடைசியில் முந்தானையால் மறைத்துக்கொண்டு ஏற்றி, உப்பைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்துவிட்டு, "உள்ள ஓட்டு" என்றாள்.

நான் ரோட்டை விட்டு இறங்கவில்லை.

"இன்னா நிக்கிற?"

"உள்ள வராதுக்கா. இது ஹெவி. மதகு தாங்காது."

அக்கா கரையைத் திரும்பிப் பார்த்தாள். குவியல்கள் கரையின் அந்தக் கோடியில் வெள்ளையாகத் தெரிந்தன. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மதகைத் தாண்டி, அவ்வளவு தூரமும் நடக்க வேண்டும். நடந்து கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வண்டி பெரிது, அதனால் கூடைகளும் அதிகம். லாரி எந்த கிளாஸ் என்பது கடலூரில் ஒரு நம்பர். எங்கள் ஊரில் அது பெண்கள் நடக்கிற தூரம். எனக்கு அது அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அதற்கு முன்னால் எங்களுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டு முறையும் படுத்தே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், வீட்டில் படுக்கவைத்தோம். நான் ரோட்டில் இருந்தேன். அவள் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டும் அப்படிப் படுத்திருக்கும்போதுதான் போயிற்று. அதனால் மூன்றாவது முறை அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வீட்டில் உட்கார மாட்டாள்.

அன்று ராத்திரி சோறு போடும்போது கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். எனக்குத் தெரிந்த வரிசை அதுதான்.

"அவ்ளோ தூரம் தூக்கிக்கினு நடந்தா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"ஊட்ல படுத்தா இன்னா ஆவும்னு தெரியும்" என்றாள். "ரெண்டு வாட்டி பார்த்தாச்சு."

இன்னொரு சங்கடமும் இருந்தது. கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீசன் நடுவில் கூடையைக் கீழே வைத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அப்புறம் அந்தக் கூட்டத்தில் திரும்ப இடம் கேட்க முடியாது. அவளுக்கு அம்மா கிடையாது, அக்கா தங்கை கிடையாது. அந்தப் பெண்கள்தான் எல்லாம். அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடாமல் கை கழுவினேன். அவள் என் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள், பிள்ளைத்தாய்ச்சிப் பசி.

மறுநாள் முதலாளியிடம் போனேன். விற்றுவிட்ட பழைய வண்டியைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். அது செங்கல் சூளைக்குப் போய், இன்ஜினைக் கழற்றிப்போட்டுக் கிடந்தது. அவர் கோபப்படவில்லை. "மதக சிமென்ட்ல கட்டித் தரேன்பா. ஆனா இப்ப தோண்டினா பாத்திக்குத் தண்ணி ஏது? சீசன் முடியட்டும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம். வாய்க்காலை அடைத்தால் உப்பே விளையாது. எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள், தூரம் மட்டும் குறையவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் லாரியின் டயரை ஓர் உதை விட்டேன். கால்தான் வீங்கியது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன், கரை நடுவில் ஒரே கூட்டம். முப்பது சொச்சம் பேரும் தலையில் நிறைகூடையோடு மதகின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பூசாரிக்குக் காத்திருப்பதுபோல அசையாமல் நிற்கிறார்கள். நடுவில் என் மனைவி, அவள் தலையிலும் கூடை.

இறங்கி ஓடினேன்.

"பாத்துக்க" என்றாள் அக்கா. "இவ்ளோ பேரு, இவ்ளோ உப்பு, விடிஞ்சதுலேர்ந்து நிக்கிறோம். இம்மி அசையல. உன் லாரி இன்னா எங்கள விட ஒசத்தியா? உள்ள கொண்டா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. முதலில் என் மனைவியைப் பார்த்துத்தான் கத்தினேன். "உடைஞ்சிருந்தா? நீ எதுக்கு அங்க நிக்கிற?"

"எல்லாரும் எனக்காவத்தான் நிக்கிறாங்க. நான் கரையில நின்னு வேடிக்க பாக்கவா?"

அப்புறம் எல்லாரையும் பார்த்துக் கத்தினேன். ஆள் எடை வேறு, லாரி எடை வேறு. நீங்கள் அறுபது காலில் நிற்கிறீர்கள், அது ஆறு டயரில் நிற்கும். அதிலும் பாரம் முழுக்கப் பின்னால்தான். நீங்கள் எல்லாரும் கூடையோடு சேர்ந்தால்கூட மூன்று டன் தேறாது. பழைய வண்டி பாரத்தோடு எட்டு டன், அதுவரைக்கும் இந்தப் பனந்தண்டு தாங்கியது. இது காலியாகவே ஐந்து டன், பாரத்தோடு பன்னிரண்டு...

அங்கே நின்றுவிட்டேன். காலியாக ஐந்து.

கத்திக்கொண்டே இருந்தவன் ஏன் வாயைத் திறந்தபடி நிற்கிறான் என்று அவர்களுக்குப் புரியவில்லை. நான் போய்க் கதவோரம் எழுதியிருந்த இரண்டு வரியையும் திரும்பப் படித்தேன். நான்தான் பாடி கட்டுகிற இடத்தில் பக்கத்தில் நின்று எழுதவைத்தேன். ஹெவி, ஹெவி என்று கீழ் வரியையே பார்த்துப் பூரித்தவன், மேல் வரியைக் கண்டுகொள்ளவில்லை. காலி வண்டி தாராளமாக உள்ளே போகலாம். உள்ளே மூன்று டன் ஏற்றினால் எட்டு. பழைய வண்டியின் எடைதான். அந்த எட்டோடு மதகைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, மீதி நாலு டன்னை அங்கே ஏற்றிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து எங்கள் உப்பளத்தில் உள் பாரம், வெளிப் பாரம் என்று இரண்டு பேச்சு உண்டானது. உள் பாரத்துக்கு நடை இல்லை, ஏழெட்டுப் பேர் போதும். யார் அந்த ஏழெட்டுப் பேர் என்று அக்காதான் பிரித்தாள். என் மனைவி, முட்டிவலிக்காரி ஒருத்தி, பால் கொடுக்கிறவர்கள், வயசானவர்கள். மற்றவர்கள் வெளிப் பாரம். வெளிப் பாரத்துக்காரர்கள் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள். நான் நன்றி சொல்லப் போனால், "போப்பா, மொட்டை வண்டி" என்று துரத்தினார்கள். அதற்கப்புறம் எனக்கு அதுவே பேராகிவிட்டது.

மூன்று டன் என்பதைத் தினமும் யார் நிறுப்பது? ஒரு நாள் எடை போட்ட உப்பு மூட்டைகளை மூன்று டன்னுக்கு ஏற்றி, வண்டியிலேயே அவிழ்த்துக் கொட்டி, சமமாகப் பரப்பினோம். உப்பு எந்த உயரம் வந்ததோ அங்கே உள்பக்கப் பலகையில் சுற்றிவரச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோடு வரைக்கும் உள் பாரம். கோடு மறைந்தால் வண்டி நகராது. கொட்டி முடித்ததும் என் மனைவியும் முட்டிவலிக்காரியும் கேபினில் ஏறி ரோடு வரைக்கும் வருவார்கள். மொட்டை வண்டியில் இன்ஜின் மூடி டிரைவருக்குப் பக்கத்தில் மேடை போல இருக்கும். கோணி போட்டு அதன் மேல் என் மனைவியை உட்காரவைப்பேன். மூக்கு வண்டியாக இருந்தால் அந்த இடமே கிடையாது. சூடுதான், ஆனால் அவள் அங்கே உட்கார்ந்து வரும்போது எனக்கு மனசு நிறைந்திருக்கும்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. அவளுக்கு ஏழாம் மாதம். முன்னே இரண்டு முறையும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை, பேசினால் கண் பட்டுவிடும் என்ற பயம்.

அப்புறம் அந்தக் காலை. காய்ந்த குவியல் எல்லாம் முந்தின நாளோடு தீர்ந்துவிட்டது. லோடு அவசரம் என்பதால், புதிதாக வாரிப்போட்ட குவியலில் கைவைத்தார்கள். வாரி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. தண்ணி வடியவில்லை. உள்ளூர்க்காரர்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஈர உப்பு காய்ந்த உப்பைவிடக் கனம். அன்று காலை முழுக்க அதைத்தான் பேசினார்கள். "இன்னாடி இன்னிக்கு இப்டி அழுத்துது" என்கிறாள் ஒருத்தி. "கழுத்து எறங்கிடும் போலக்குது" என்கிறாள் இன்னொருத்தி. கூடையிலிருந்து தோளில் வடிகிறது. நானும் கேட்டுக்கொண்டு பீடி பிடித்தபடி நிற்கிறேன். தலைக்குத் தலை கனத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து கோடு வரைக்கும் சரியாகக் கொட்டினோம். கோடு உயரத்தைத்தான் காட்டும், கனத்தைக் காட்டாது என்பது ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை. உப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வெளியூர்க்காரனாக இருந்தால் பயந்துகொண்டாவது கேட்டிருப்பான்.

மதகின் மேல் பின்சக்கரம் ஏறியதும் கீழே டப்பென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் வானம் போய்ப் பாத்தித் தண்ணி தெரிந்தது. இடது ஓரம் உட்கார்ந்திருந்த முட்டிவலிக்காரி கதவைத் திறந்துகொண்டு சேற்றில் குதித்துத் தள்ளிப் போய்விட்டாள். இன்ஜின் மூடியிலிருந்து என் மனைவி திறந்த கதவை நோக்கிச் சரிந்தாள். அந்தப் பக்கம் விழுந்தால், மேலே லாரி வரும். வலது கால் பிரேக்கில். இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காலை எடுத்தால் வண்டி நகரும், கையை எடுத்தால் அவள் போவாள். வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. நான் "அக்கா!" என்று அலறினேன். சாமி பேர் வரவில்லை, அதுதான் வந்தது.

வெளிப் பாரத்துக்காரர்கள் கூடைகளோடு எங்களுக்குப் பின்னாலேயே வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நிமிஷம் வலது பக்கப் பலகை முழுக்கப் பெண்கள். கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்து, டயரில் கால்வைத்து ஏறி, பலகையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தொங்கினார்கள். இடம் கிடைக்காதவர்கள் தொங்குகிறவர்களின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். சாய்ந்துகொண்டிருந்த வண்டி நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே அக்காவின் முகம், பலகையில் அழுந்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப சொல்லுப்பா" என்றாள் மூச்சு வாங்க. "எங்க எடை தேறுமா தேறாதா?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. என் மனைவி என் மடிமேல் தவழ்ந்து வந்தாள். என் பக்கத்துக் கதவைத் திறந்து, நாலு பேர் அவளைக் கைமேல் வாங்கிக் கரையில் இறக்கினார்கள். அவள் இறங்கியதும்தான் மூச்சுவிட்டேன். ஆண்கள் இடது பக்கப் பலகையைத் தட்டிக் கழற்ற, உப்பு முழுக்கப் பாத்தியில் சரிந்தது. பாரம் இறங்கின வண்டி கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. காலை முழுக்கத் தலை வலிக்கத் தூக்கின உப்பு, எங்கள் கண்ணெதிரே, தான் வந்த தண்ணிக்கே திரும்பிப் போயிற்று.

நான் இறங்கிப் போனபோது அவள் கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல். சுற்றி எல்லாரும் நின்றார்கள். அக்கா குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒதைக்குது" என்றாள் என் மனைவி. "ரெண்டு காலாலயும் ஒதைக்குது."

பெண்கள் போட்ட சத்தத்தில் பாத்தியில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

அன்றைக்கு அக்கா தீர்ப்பு சொன்னாள். "நீ ஊட்டுக்குப் போ. உன் கூடைய ஒருத்தியும் தொட மாட்டா." வழக்கத்தை மாற்ற அவளால்தான் முடியும், அவளே மாற்றினாள். என் மனைவி மறுத்துத் தலையை ஆட்டினாள். வீட்டில் தனியாகப் படுக்க மாட்டேன் என்றாள். "யாரு உன்னத் தனியா விட்டா?" என்றாள் அக்கா. அதற்கப்புறம் தினம் ஒருத்தி முறைபோட்டுக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவளின் பங்கு நடையையும் என் மனைவியின் பங்கு நடையையும் மற்றவர்கள் நடந்தார்கள். காலி வண்டியை ரோட்டுக்கு இழுத்துவிட்டு, உடைந்த இடத்தில் வாய்க்கால் ஓடும்படி விட்டு, மேலே நடக்க இரண்டு பலகை போட்டு, சீசன் முடியும் வரைக்கும் எல்லாமே வெளிப் பாரம்தான். நான் ரோட்டில் நின்று, அந்த வரிசை கரையில் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான். ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மழைக்கு முன்னால் கம்பி கட்டி, சிமென்ட் போட்டு மதகு கட்டினார். தை பிறந்து, புது சீசனின் முதல் உப்பு வாரினார்கள். அக்கா ஒரு கூடையைக் கொண்டுவந்து என் மனைவியின் கையில் கொடுத்தாள். போன வருஷத்துக் கூடை. அதன் விளிம்பில் புதிதாகப் பின்னல் போட்டிருந்தார்கள்.

வண்டியைக் கரையில் இறக்கினேன். இனி முழுப் பாரத்தோடும் போகலாம், வரலாம். மதகுக்கு முன்னால் வந்தால் வழியை மறித்துக்கொண்டு எல்லாரும் அதன் மேல் நிற்கிறார்கள், தலையில் நிறைகூடையோடு. பார்த்துப் பழகின அதே கூட்டம், அதே பிடிவாதம். நடுவில் என் மனைவி, தலையில் கூடை, இடுப்பில் குழந்தை.

சிமென்ட் மதகுக்கு இந்தப் பரீட்சை தேவையே இல்லை. அதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதியும் இருந்தது, ஹெவி லைசென்ஸ்காரன். அன்று நான் கத்தவில்லை. இன்ஜினை அணைத்தேன். இறங்கிப் போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, அவர்களோடு நானும் நின்றேன்.